முவாடிமேயின் மூன்றாவது வரி

நைரோபியில் ஒரு காப்பீட்டு நிறுவனம். அதன் இரண்டாம் மாடியில் இழப்பீட்டுப் பிரிவு. அங்கே கதவுக்குப் பக்கத்து மேசையில் பன்னிரண்டு வருஷமாக முவாடிமே உட்கார்ந்திருக்கிறான். உள்ளே நுழைகிறவர்கள் முதலில் பார்ப்பது அவன் முகம், முதலில் கேட்பது, "ஒரிஜினல் எங்க?" என்ற அவன் குரல். கார் மோதிவிட்டதா, போலீஸ் சான்றின் ஒரிஜினல் வேண்டும். வீட்டுக்காரர் செத்துவிட்டாரா, புதைக்க அனுமதி கொடுத்த சீட்டின் ஒரிஜினல் வேண்டும். நகல்தான் இருக்கிறது என்றால் அதில் வக்கீல் முத்திரை இருக்க வேண்டும். முத்திரை மங்கலாக இருந்தால் மறுபடி போய்க் குத்திக்கொண்டு வர வேண்டும்.

ஒருமுறை கிசுமுவிலிருந்து ஒரு பெண் பஸ் ஏறி வந்தாள். கணவனைப் பறிகொடுத்து நாற்பது நாள்தான் ஆகியிருந்தது. கையில் இருந்ததெல்லாம் நகல். திரும்பிப் போய் ஒரிஜினலை எடுத்து வரச் சொன்னான். அவள் அழவில்லை, சத்தம் போடவுமில்லை. "அவர் செத்துட்டாருன்னு நான் சொல்றேனே, பத்தாதா?" என்று மட்டும் கேட்டாள். "எனக்குப் பத்தும்மா, ஃபைலுக்குப் பத்தாதே" என்றான். அவள் ஃபைலை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்து போனாள். அந்த வாரத்திலிருந்து ஆபீசில் அவனுக்கு மிஸ்டர் ஒரிஜினல் என்று பெயர்.

கல்மனசுக்காரன் என்று நினைத்துவிட வேண்டாம். அவன் வாழ்க்கையில் நல்லது என்று நடந்த ஒன்றிரண்டும் காகிதத்தில் அச்சாகித்தான் வந்தன. அதனால் காகிதத்தை நம்பினான்.

முதல் காகிதம் பதினாலு வயதில் வந்தது. எட்டாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஐந்நூறுக்கு நானூற்று முப்பத்தெட்டு. டைட்டா மலைப்பக்கத்தில் அவன் பள்ளிக்கூடம் அதுவரை கண்டிராத மார்க். முடிவு வந்த அன்று சித்தப்பாமார் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு வுண்டான்யி சந்தை வரை ஆடிக்கொண்டே போனார்கள். பேப்பரில் படம் வந்தது. கால்சட்டைக் கிழிசல் தெரிந்துவிடக் கூடாதென்று ஒரு கையால் பின்பக்கத்தைப் பொத்திக்கொண்டு இன்னொரு கையை உயர்த்திக் காட்டுகிறான் படத்தில். அதன் பிறகு ஊரில் அவனுக்குப் பெயரே இல்லாமல் போயிற்று. "ஏய் நானூத்தி முப்பத்தெட்டு, இங்க வா" என்றுதான் கூப்பிட்டார்கள்.

அந்த மார்க்குக்கு நாட்டிலேயே பெரிய பள்ளிகளில் ஒன்றில் இடம் கிடைத்தது. போய்ப் பார்த்தால், அங்கிருந்த அத்தனை பேரும் ஏதோ ஒரு சந்தை வரை தோளில் தூக்கிச் செல்லப்பட்டவர்கள். முதல் பரீட்சையில் நூற்று அறுபது பேரில் நூற்று நாற்பத்திரண்டாவதாக வந்தான். அன்றைக்கு அவனுக்குள்ளே ஏதோ ஒன்று உட்கார்ந்துபோனது. பிறகு அது எழுந்திருக்கவே இல்லை. டாக்டராகிவிடுவான் என்று ஊர் சொல்லிக்கொண்டிருக்க, அவன் புள்ளியியலில் ஒரு பட்டத்தை வாங்கிக்கொண்டு வந்து காப்பீட்டு நிறுவனத்தில் சேர்ந்தான். சேர்ந்த அடுத்த வருஷமே கூடச் சேர்ந்தவனுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. இவனுக்குக் கிடைக்கவில்லை.

அந்த வாரம்தான் பேப்பரில் ஒரு சின்ன விளம்பரம் பார்த்தான். அதிபுத்திசாலிகளுக்கென்று ஒரு சங்கம். நூறு பேரில் முதல் இரண்டு பேருக்குள் வருகிறவர்களை மட்டும்தான் சேர்த்துக்கொள்வார்களாம். அதற்கான தேர்வை நைரோபியில் ஒரு ஓட்டல் கூடத்தில் சனிக்கிழமை வைக்கிறார்களாம். முவாடிமே யாரிடமும் சொல்லாமல் போய் எழுதினான். சங்கத்தில் சேரும் ஆசை ஒன்றுமில்லை. தான் முட்டாளா இல்லையா என்று அவனுக்குத் தெரிய வேண்டியிருந்தது. மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. தேறிவிட்டான்.

கூட்டத்துக்கு இரண்டு தடவை போனான். ஒரே சதுரங்கமும் விடுகதையுமாக இருந்தது, விட்டுவிட்டான். கடிதத்தை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டான். மேலதிகாரி எல்லோர் முன்னாலும் திட்டிய நாளிலும், இரண்டாம் தடவை பதவி உயர்வு கைநழுவிய நாளிலும், மூன்றாம் தடவையும், அதை எடுத்து ஒருமுறை படிப்பான். நான் முட்டாள் இல்லை, இதோ எழுதியிருக்கிறது. ஆனால் ஆபீசில் மூச்சு விட்டதில்லை. அவ்வளவு மூளை இருந்தால் இந்த மேசையில் ஏன் உட்கார்ந்திருக்கிறாய் என்று ஒருத்தன் கேட்டால் என்ன சொல்வது? விஷயம் தெரிந்தவள் அவன் மனைவி வகேஷோ ஒருத்திதான்.

போன வருஷம் ஏப்ரலில் வெள்ளம் வந்தபோது அவர்களுடைய தரைத்தள வீட்டில் முட்டளவு தண்ணீர் நின்றது. சான்றிதழ்கள் எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டு அலமாரியின் அடித்தட்டில் வைத்திருந்தான். வகேஷோ ஒவ்வொன்றாகப் பிரித்துத் துணிக்கொடியில் கிளிப் மாட்டிக் காயப்போட்டாள். பள்ளிச் சான்றும் பட்டமும் கறையோடு பிழைத்தன. சங்கத்தின் கடிதம் மெல்லிய தாள். அது அவள் விரலிலேயே கூழாகிப் போனது. "போகட்டும் விடு, மண்டைக்குள்ள இருக்கறத தண்ணி கொண்டுபோயிடுமா?" என்றாள். அவன் சேற்றை வழித்துக்கொண்டிருந்தான்.

இந்த வருஷம் ஆபீசில் ஒரு சுற்றறிக்கை வந்தது. இனி மேலாளர் பதவிக்கு மேலாண்மைப் பட்டம் கட்டாயம். நகரத்தின் மேற்கே மரங்கள் அடர்ந்த பகுதியில் ஒரு மேலாண்மைப் பள்ளி இருக்கிறது. வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம். வருஷத்துக்குப் பத்துப் பேருக்கு முழு உதவித்தொகை தருகிறார்கள். அதற்கு வயது வரம்பு முப்பத்தேழு. முவாடிமேக்கு வரும் பிப்ரவரியில் முப்பத்தேழு முடிகிறது. இந்தத் தடவை கிடைக்காவிட்டால் கதவுப் பக்கத்து மேசையிலேயே ஓய்வு பெற வேண்டியதுதான்.

விண்ணப்பத்தை வகேஷோவும் கூட உட்கார்ந்து பார்த்தாள். கட்டுரைகள் இரண்டையும் எழுதி முடித்தாயிற்று. கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி: தாங்கள் உறுப்பினராக உள்ள அமைப்புகள், மூன்று வரிகளுக்கு மிகாமல். முதல் வரியில் தேவாலயப் பாடகர் குழு. இரண்டாவதில் குடியிருப்போர் சங்கச் செயலாளர். மூன்றாவது வரியில் கை நின்றது.

"எழுது" என்றாள் வகேஷோ.

"எழுதினா நாமே நம்மளத் தூக்கித் தோள்ல வெச்சிக்கற மாதிரி இருக்காது?"

"வேற யாரு தூக்கப் போறா? உங்க சித்தப்பாங்களா? அவங்களுக்கெல்லாம் இப்ப மூட்டு வலி. எழுது, பாபா மலேம்பா."

மலேம்பா அவர்களின் மகள், ஒன்பது வயது; பாபா மலேம்பா என்றால் மலேம்பாவின் அப்பா. அம்மாவின் கைப்பேசியில் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தவள் தன் பெயர் கேட்டதும் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள்.

"உள்ள கூப்பிட்டுக் கேப்பாங்க, வகேஷோ. இவ்ளோ புத்தி இருந்தும் பன்னெண்டு வருஷமா என்ன கிழிச்சேன்னு."

"கேட்டா சொல்லு. உள்ளதச் சொல்லு. மேல இருக்கறவனுங்க மாமன் மச்சான ஏத்தி விட்டானுங்க, நான் ஒழுங்கா வேல பாத்தேன்னு சொல்லு. இதுல வெக்கப்பட என்ன இருக்கு? நான் இந்த நாலு சுவத்துக்குள்ள என் புருஷன் புத்திசாலின்னு சொல்லிச் சொல்லித்தான் வாழறேன். நீ வெளிய ஒரு தடவ சொல்ல மாட்டியா?"

மறுநாள் மதியம் சாப்பாட்டு நேரத்தில் திரோப்பிடம் பேச்சுக் கொடுத்தான். திரோப்புக்கு இருபத்தொன்பது வயது, அதே பிரிவுதான். போன வருஷம் அந்தப் பள்ளியில் சேர்ந்து இப்போது டை கட்டி வருகிறவன். முவாடிமேயை முஸே என்று கூப்பிடுவான், பெரியவரே என்று. பாதி மரியாதை, பாதி கிண்டல்.

"எனக்குத் தெரிஞ்ச ஒருத்தரு" என்று ஆரம்பித்தான் முவாடிமே. "அதிபுத்திசாலிங்க சங்கத்துல இருக்காரு. பாரத்துல அத எழுதலாமான்னு கேக்கறாரு."

திரோப் உகாலி என்கிற சோளக் களியை உருட்டிக் கீரையில் தொட்டபடியே சிரித்தான். "வேணாம்னு சொல்லுங்க முஸே. வாசிக்கறவனுக்கு எரிச்சலா இருக்கும். நான் அழகா இருக்கேன்னு எழுதிக் குடுக்கற மாதிரி அது. அழகா இருந்தா பாக்கறவனுக்குத் தெரியாதா?"

"தெரியாமப் போச்சுன்னா?"

"தெரியலன்னா, எழுதினது பொய்யின்னு நெனப்பான்."

அந்தப் பதில் முவாடிமேயின் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. எழுதலாமா வேண்டாமா என்ற குழப்பம் போய், பொய் என்று நினைத்துவிட்டால் என்ற பயம் வந்தது. காட்டுவதற்குக் காகிதம் இல்லை. கூழாகிப் போனது. காகிதம் இல்லாமல் ஒரு வரி எழுதுவதா? அதுவும் அவனா? மேசைக்கு முன்னால் வந்து இப்படி நின்ற எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறான்!

அன்றைக்கே சங்கத்தைத் தேடிப் பிடித்துப் பேசினான். செயலாளர் கெரூபோ என்ற அம்மாள், கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய பதிவேடுகள் ஆபீஸ் மாறும்போது எங்கேயோ பெட்டிகளில் போய்விட்டன என்றார்.

"தேடிப் பாக்கறேன் தம்பி, ஆனா எப்பக் கிடைக்கும்னு சொல்ல முடியாது. அவசரமா?"

"இந்த மாசக் கடைசிக்குள்ள வேணும் டீச்சர்."

"அப்படின்னா ஒண்ணு செய்யலாம். வர்ற சனிக்கிழமை தேர்வு இருக்கு. திரும்ப எழுதிடுங்க. ஒரு தடவ பாஸ் பண்ணவருக்கு என்ன கஷ்டம்? பத்து நாள்ல புதுக் கடிதமே தந்துடறேன்."

ஃபோனை வைத்ததும் முவாடிமேக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. புதுத் தேதி போட்ட புதுக் கடிதம். வீட்டில் சொன்னபோது வகேஷோ, "இது நல்லாருக்கே" என்று சட்டையைத் தேய்த்துக் கொடுத்தாள்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஒரு கல்லூரியின் வகுப்பறையில் தேர்வு. எழுத வந்திருந்த பதினெட்டுப் பேரில் பாதி பேர் இவனைத் தேர்வு நடத்த வந்தவரென்று நினைத்து எழுந்து வணக்கம் சொன்னார்கள். தாளில் முதல் பக்கம் எளிதாகத்தான் இருந்தது. கட்டங்களுக்குள் முக்கோணங்களும் புள்ளிகளும். அடுத்து எது வரும் என்று கண்டுபிடிக்க வேண்டும். இரண்டாம் பக்கத்தில் புள்ளிகள் கண்ணில் சரியாகத் தெரியவில்லை. தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தான். கண்ணாடி வேண்டியிருக்கிறதோ என்று யோசித்ததில் அரை நிமிஷம் போயிற்று. போன அரை நிமிஷத்தை நினைத்துக் கவலைப்பட்டதில் இன்னொரு நிமிஷம் போயிற்று. முன்பு விடை தானாக வந்து நின்ற இடத்தில் இப்போது ஒன்றும் வரவில்லை. பக்கத்தில் ஒரு பெண் சரசரவென்று பக்கத்தைப் புரட்டினாள். மணி அடித்தபோது அவன் தாளில் ஒன்பது கேள்விகள் வெறுமையாக இருந்தன.

வீட்டுக்குப் போனதும், "எப்படி எழுதின?" என்றாள் வகேஷோ.

"பரவாயில்ல."

பதினோராம் நாள் முடிவு மின்னஞ்சலில் வந்தது. ஆபீசில் உட்கார்ந்து படித்தான். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று, அதாவது தொண்ணூற்றொரு பேரை முந்தியிருக்கிறீர்கள். சேர்க்கைக்குத் தேவை தொண்ணூற்றெட்டு. தங்கள் ஆர்வத்துக்கு நன்றி. அதை நாலு தடவை படித்தான். எதிரே ஒரு பெரியவர், லாரி இடித்த தன் கடையின் படங்களை வைத்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தார். படங்களை வாங்கி, ஒன்றும் கேட்காமல், ஏற்கப்பட்டது என்று முத்திரை குத்தி அனுப்பினான். பன்னிரண்டு வருஷத்தில் அவன் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை. பெரியவர் நம்ப முடியாமல் இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

இழவு வீட்டில் உட்கார்ந்திருப்பது போல அந்த மதியம் முழுவதும் உட்கார்ந்திருந்தான். பட்டியலில் எழுத முடியாமல் போனதா பெரிய விஷயம்? பதினொரு வருஷமாக, ஊரெல்லாம் என்ன சொன்னாலும், தான் முட்டாள் இல்லை என்று ஒன்று இருந்தது. அதை இவனே கூட்டிக்கொண்டு போய்த் தொலைத்துவிட்டு வந்திருக்கிறான். யார் கேட்டார்கள் இவனை மறுபடி எழுதச் சொல்லி?

திரோப் தேநீர் கொண்டுவந்து வைத்தான். "என்ன முஸே, முகம் செத்துக்கெடக்கு? ஆமா, உங்களுக்குத் தெரிஞ்சவரு என்ன பண்ணாரு? எழுதினாரா?"

"சான்று தொலஞ்சுபோச்சாம்."

"சான்றா? எதுக்கு?"

"அந்த மூணாவது வரிக்கு. காகிதம் வெக்கணும்ல?"

திரோப் தேநீர் சிந்தும் அளவுக்குச் சிரித்தான். "யாரு கேட்டா? அந்த வரிக்கெல்லாம் ஒருத்தனும் காகிதம் கேக்க மாட்டான் முஸே! நான் என்ன போட்டேன் தெரியுமா? பறவை பாக்கறவங்க சங்கம். சத்தியமா சொல்றேன், இன்னிவரைக்கும் காக்காயத் தவிர ஒரு பறவ எனக்குத் தெரியாது. நேர்முகத்துல ஒருத்தர் கேட்டாரு, என்ன பறவ புடிக்கும்னு. கோழின்னேன். அவரும் சிரிச்சிட்டாரு, அதோட முடிஞ்சுது."

முவாடிமே சிரிக்கவில்லை. எழுந்து கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். உலகத்தில் யாருமே கேட்காத ஒரு ஒரிஜினலுக்காக அலைந்திருக்கிறான். பாரத்தைத் திரும்ப மனதில் ஓட்டிப் பார்த்தான். ஆமாம், பட்டத்துக்கு நகல் வேண்டும், வேலைக்குக் கடிதம் வேண்டும் என்றெல்லாம் எழுதியிருந்தது. அந்த மூன்று வரிகளுக்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. சொன்னால் போதும் என்று விட்டிருந்தார்கள். சொன்னால் போதும் என்று ஒரு இடம் இருக்கும் என்பதே அவன் புத்திக்கு எட்டவில்லை.

விண்ணப்பம் முடிய மூன்று நாள் இருக்கும்போது கெரூபோ டீச்சர் கூப்பிட்டார்.

"தம்பி, கிடைச்சிருச்சு! என் தங்கச்சி வீட்டு கராஜ்ல இருந்துச்சு அந்தப் பெட்டி. உங்க பேரு, தேதி, மார்க்கு எல்லாம் சுத்தமா இருக்கு. தொண்ணூத்தெட்டு, சரியா கோட்டு மேல."

முவாடிமே மெதுவாகக் கேட்டான். "ஆனா டீச்சர், இந்தத் தடவ எழுதினது..."

"அது ஒண்ணும் பண்ணாது. ஒரு தடவ உள்ள வந்தவர் எப்பவும் உள்ளதான், எங்க விதி அப்படி. ஏதோ அன்னிக்குத் தூக்கம் சரியில்லாம இருந்திருக்கும். நான் கடிதம் டைப் பண்ணி முத்திரை போட்டு வெக்கறேன், வந்து வாங்கிக்கங்க. பழைய தேர்வ மட்டும்தான் எழுதுவேன், கவலைப்படாதீங்க."

கவலைப்படாதீங்க என்ற அந்த வார்த்தையில் இருந்த இரக்கம் அவனைக் குத்தியது. இருந்தாலும் போய் வாங்கி வந்தான். கெட்டித் தாள், நீல முத்திரை, கையெழுத்து. குற்றம் சொல்ல ஒன்றுமில்லாத ஒரிஜினல். இனி எழுதினால் பொய்யில்லை, விதிப்படி சரி, காட்ட ஆதாரமும் கையில் இருக்கிறது.

கடைசி நாள், மதிய இடைவேளையில், ஆபீஸ் கணினியில் மூன்றாவது வரியைத் தட்டினான். சங்கத்தின் பெயர், உறுப்பினர், சேர்ந்த வருஷம். அழித்தான். மறுபடி தட்டினான். யார் இது? பதினொரு வருஷத்துக்கு முந்தைய ஒரு பையன். அந்தப் பையன் இந்த மேசையில் உட்கார்ந்து உட்கார்ந்து எங்கேயோ போய்விட்டான். அவன் பெயரில் போய்ப் படிப்பதற்கு இடம் கேட்பதா? செத்தவர் பெயரில் ஓய்வூதியம் வாங்கும் கோஷ்டிகளின் ஃபைல்கள் எத்தனையோ அவன் கைவழியாகப் போயிருக்கின்றன. கூச்சமாக இருந்தது. அழித்தான். பாடகர் குழு, குடியிருப்போர் சங்கம் என்ற இரண்டு வரிகளோடு அனுப்பிவிட்டான்.

"எழுதினியா?" என்றாள் வகேஷோ அன்று மாலை, கதவைத் திறக்கும்போதே.

"எழுதினேன்."

அவள் அவன் கையிலிருந்த கடிதத்தை வாங்கி விளக்குக்கு நேரே பிடித்து முழுதும் படித்தாள். "பழைய பேப்பரே கெடச்சிருச்சா? அப்ப நீ புதுசா எழுதினது?"

"அது தேவைப்படல."

கடிதத்தை மடிக்காமல் பைபிளுக்குள் வைத்தாள்.

ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. இவ்வருடம் தகுதியான விண்ணப்பங்கள் மிக அதிகம், வருந்துகிறோம். நேர்முகத்துக்குக்கூட அழைக்கவில்லை. எழுதியிருந்தால் அழைத்திருப்பார்களா? ஒருவேளை அழைத்திருக்கலாம். ஒருவேளை எரிச்சல்பட்டுத் தூக்கிப் போட்டிருக்கலாம். அது தெரிய இனி வழியே இல்லை என்பதுதான் அவனைத் தின்றது. பிப்ரவரி வந்தது. முப்பத்தேழு முடிந்தது. திரோப் மேலாளராகி மூன்றாம் மாடிக்குப் போனான். போகும்போது, "வர்றேன் முஸே" என்று இரண்டு கையாலும் கையைப் பிடித்துக் குலுக்கினான். அதில் கிண்டல் துளியும் இல்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

வகேஷோ மட்டும் கோபத்தில் கொதித்தாள். "அவ்ளோ பெரிய விஷயத்த எழுதியும் கூப்பிடலன்னா, அவனுங்க படிச்சவனுங்களா? உன் தகுதி அவனுங்களுக்கு இல்ல, விடு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். ஒவ்வொரு தடவை அவள் சொல்லும்போதும் அவன் எழுந்து உள்ளே போய்விடுவான்.

ஒரு ஞாயிறு பகல், பாடகர் குழுவில் ஒத்திகை முடிந்து அவன் வீடு திரும்பியபோது, கூடத்துச் சுவரில், தொலைக்காட்சிக்கு மேலே, கண்ணாடிச் சட்டம் போட்டு அந்தக் கடிதம் தொங்கிக்கொண்டிருந்தது. வகேஷோ நாற்காலியிலிருந்து இறங்கி, சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு, நேராக இருக்கிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"கழட்டு அத" என்றான்.

"ஏன்? கோணலா இருக்கா?"

"கழட்டுன்னு சொல்றேன்ல." அவன் குரல் அவனுக்கே அந்நியமாக இருந்தது. நின்றுகொண்டே சொல்லிவிட்டான். "நான் பெயிலாயிட்டேன், வகேஷோ. திரும்ப எழுதினேனே, அதுல. தொண்ணூத்தொண்ணு. அது பழைய காகிதம். எனக்கு அது இப்பப் பொருந்தாது."

அவள் சுத்தியலை மேசைமேல் வைத்தாள்.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"அந்த மெயில் வந்த அன்னிக்கே தெரியும். நீ எப்பவோ என் ஃபோன்ல உன் மெயிலத் தொறந்துட்டு மூடவேயில்ல, அதுலயும் வந்துச்சு. மலேம்பாதான் படிச்சுட்டு ஓடி வந்தா. 'அம்மா, அப்பா நூத்துக்குத் தொண்ணூத்தொண்ணு வாங்கியிருக்காரு, சூப்பர்ல?'ன்னு கேட்டா. நான் ஆமான்னேன். உங்கிட்ட சொல்லக் கூடாது, அப்பா தானா சொல்லட்டும்னு சொல்லி வெச்சேன். பாவம், இன்னும் காத்துக்கிட்டிருக்கா."

முவாடிமே சோபாவில் உட்கார்ந்தான். இன்னும் ஒன்று பாக்கி இருந்தது, அதையும் சொன்னான். "பாரத்துலயும் நான் எழுதல. உங்கிட்ட பொய் சொன்னேன்."

இது அவளுக்குத் தெரியாது. முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. பக்கத்து வீட்டில் யாரோ துணி துவைத்துக்கொண்டு பாடும் சத்தம் மட்டும் கேட்டது.

"எழுதவே இல்லியா?"

"இல்ல."

"நான் ஊர் முழுக்க அவனுங்களத் திட்டிக்கிட்டிருந்தேனே..."

"ஆமா."

அவள் சுவரிலிருந்த சட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது.

"எல்லாம் தெரிஞ்சிருந்தும் எதுக்கு மாட்டின?" என்று கேட்டான்.

"உனக்காகன்னா நெனச்ச? மொம்பாசாவுல, கடற்கரை ஓட்டல்ல, எனக்குக் கீழ ஏழு பேரு வேல பாத்தாங்க. நீ பொண்ணு கேட்டு வந்தப்ப கையில என்ன வெச்சிருந்த? அந்தக் கடுதாசி ஒண்ணுதான். அதப் படிச்சிட்டுத்தான் வேலைய எழுதிக் குடுத்துட்டு உன் பின்னாடி வந்தேன். இப்ப ஒரு சின்னப் புள்ளைங்க ஸ்கூல்ல ஃபோன் எடுக்கறேன். என்னத்தக் கண்டு போனேன்னு எங்கக்கா கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் கேக்கறா. நான் அவகிட்ட என்னத்தக் காட்டறது, பாபா மலேம்பா? தொண்ணூத்தொண்ணயா? எனக்கும் ஒரு காகிதம் வேணும். அதக் கழட்டாத."

அவன் கழற்றவில்லை.